அத்தை மாட்டிய எஸ்.எம்.பி.எஸ்.

நம் பள்ளிக்கூடத்து விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் வகுப்புத் தோழி ஒருத்தி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மலர்க் குழுவில் அவள்தான் இருக்கிறாள். உருக்கமான கட்டுரைகள் நிறைய வந்துவிட்டனவாம், சிரிக்கும்படி ஒன்றுகூட இல்லையாம். "அந்தக் கம்ப்யூட்டர் வெடிச்சிச்சே, அதை எழுதுடி. நீதானே அந்த வீட்டுப் புள்ள. உன்னை விட்டா யாரு எழுதுவா?" என்றாள்.

நியாயமான பேச்சுதான். எழுதுகிறேன். ஆனால் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. என் பெயரைப் போடவில்லை, வெட்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் படித்ததுமே யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அப்படி மறைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

நம் செட்டில் எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால். நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அந்தச் சம்பவத்தை எடுத்துவிடுவீர்கள். "டமார் அக்கா எப்படி இருக்காங்க?" என்று என்னைக் கேட்பீர்கள். உடனே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழும். அவற்றில் ஒன்று நான் போட்டது. ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கிறேன். போடாமல் விட்டால் ஏன் போடவில்லை என்று கேட்டுவிடுவீர்களோ என்று பயம்.

நீங்கள் டமார் அக்கா என்று சொல்வது என் அத்தையை. அப்பாவின் கடைசித் தங்கை.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. முறை வைத்துத் திறந்த தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு வருவதற்குள் முறை முடிந்துவிடும். சம்பா நாற்றங்காலைக் காப்பாற்ற எல்லாரும் போர் மோட்டாரைத்தான் நம்பியிருந்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் ஊரைச் சுற்றியிருந்த அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். அப்பாவின் மோட்டாரும் அதில் ஒன்று. அடுத்த நிமிஷம் எங்கள் வீட்டுக் குண்டு பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். ட்யூப்லைட் ஓரங்களில் மினுக் மினுக்கென்று துடித்துவிட்டு அப்படியே நின்றுவிடும். மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

டிவி வைத்திருந்த வீடுகளில் பக்கத்திலேயே ஒரு பூஸ்டர் பெட்டியும் இருக்கும். முகப்பில் ஒரு முள், அதற்குக் கீழே கறுப்புக் குமிழ். மோட்டார்கள் ஓடும்போது முள் நூற்று நாற்பதுக்கு இறங்கிவிடும், குமிழைக் கடக் கடக்கென்று திருப்பி அதை ஏற்ற வேண்டும். மோட்டார்கள் நின்றதும் முள் சர்ரென்று மேலே போகும். அப்போது ஓடிப்போய்க் குமிழை இறக்காவிட்டால் டிவி காலி. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. ஏழாம் வகுப்பில் நான் கற்றிருந்த மின்சாரம் மொத்தமும் அவ்வளவுதான்: கரண்ட் எப்படி வருகிறதோ அதற்குத் தகுந்தாற்போலப் பெட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. நான் நன்றாகச் செய்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அத்தை எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள். தாத்தா பண்ணையில் கூலிக்கு இருந்தவர், அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்து ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கியவர். அத்தை டிகிரி முடித்ததும் தஞ்சாவூரில் ஆறு மாதப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். டைப்ரைட்டிங் மாதிரி ஏதோ படிக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் விழுந்தபோதுதான் அது கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டும் படிப்பு என்று தெரிந்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை.

படிப்பு முடிந்த பிறகு, சாயந்திரம் தஞ்சாவூரில் ஒரு சென்டரில் பாடம் எடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸில் வருவாள். கடை போட வேண்டும் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நம் பள்ளித் தாளாளர் ஃபாதர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் அவள் கையால் கட்டித் தரட்டும், அது நன்றாக ஓடினால் பிள்ளைகளுக்கான லேபுக்குப் பத்துக் கம்ப்யூட்டரும் அவளே கட்டட்டும் என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"பத்து உனக்கே வந்துச்சுன்னா கடையப் போட்டுக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலேன்னா தை மாசம் மாப்பிள்ளை பாத்துடுவேன். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சரிண்ணே," என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சாமான்கள் திருச்சியிலிருந்து வந்தன. கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் பழைய காட்டன் புடவையை மடித்துப் போட்டு எல்லாவற்றையும் பரப்பினாள். புது அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், லேசான எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனை. எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்பது அவள் சட்டம். நம் உடம்பில் நிற்கும் கரண்ட் அதில் இறங்கிவிடுமாம். நான் ஜன்னலுக்கும் பாய்க்குமாக நூறு தடவை நடந்திருப்பேன்.

எஸ்.எம்.பி.எஸ். என்றால் அந்தப் பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் தகர டப்பா, அதாவது பவர் சப்ளை. கேபினெட்டோடு சும்மா வந்ததை அத்தை கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். தனியாக ஒன்று வாங்கியிருந்தாள். இரண்டையும் என் இரண்டு கையிலும் கொடுத்து, "எது கனமா இருக்கு?" என்றாள். வாங்கியதுதான் கனம். "கனமா இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். கடைக்காரர் சிரிச்சாரு, காய்கறி மாதிரி தூக்கிப் பாக்குறீங்களேம்மான்னு. சிரிச்சுட்டுப் போகட்டும்."

மாட்டுவதற்கு முன் தனியாக ஓட்டிப் பார்த்தாள். கத்தையாக வரும் ஒயர்களில் பச்சையையும் கறுப்பையும் ஒரு வளைத்த ஊக்கால் இணைத்ததும் அதன் விசிறி விர்ரென்று சுற்றியது. நான் கை தட்டினேன். பிறகு அதைக் கேபினெட்டின் பின்பக்கத்து மேல் மூலையில் வைத்து நான்கு திருகுகள் போட்டாள். "ஒண்ணை முழுசா முறுக்கிடாத. நாலையும் பாதி பாதி போட்டுட்டு அப்புறமா முறுக்கணும், இல்லேன்னா கடைசித் துளை சேராது." கடைசித் திருகு நான் போட்டது. பிறகு அந்த அகலமான வெள்ளைச் சொருகியைப் போர்டில் அழுத்தி, க்ளிப் டக்கென்று விழும் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்தாள். மிச்ச ஒயர்கள் விசிறியில் படாமல் பூக்கட்டும் நூலால் சேர்த்துக் கட்டினாள்.

பின்பக்கம் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் உள்ளடங்கி இருந்தது. அதில் 230 என்று வெள்ளையில் எழுதியிருந்தது. அதை நான் விரலால் தடவியபோது, "அதைத் தொடாத," என்றாள். வேறு எதற்கும் காரணம் சொல்லிக்கொண்டே வந்தவள் இதற்கு மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். பாருங்கள், இப்போதுகூட அவள் பக்கம் கொஞ்சம் பழியை நகர்த்தப் பார்க்கிறேன்.

ஒரு வாரம் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்றாள். காலையில் ஒன்பதிலிருந்து மதியம் வரை ஓடும். சாயந்திரம் யாரும் போடக் கூடாது, வோல்டேஜ் பத்தாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காலையில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சாயந்திரம் வந்தால் அது துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைமணி நேரம் எனக்குச் சீட்டு விளையாட்டைக் காட்டித் தந்தாள். சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்று அடுக்கி முடித்தால் சீட்டுகள் குதித்துக் குதித்து விழும். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அது அக்டோபர், மாதாவுக்கு ஜெபமாலை சொல்லும் மாதம். சாயந்திரம் ஆறரைக்கு அம்மா தெரு ஜெபமாலைக்குக் கிளம்பிவிடுவாள், அப்பா மோட்டார் கொட்டகையில் இருப்பார், அத்தை தஞ்சாவூரில். திங்கட்கிழமை, வீட்டுப்பாடம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போர்வையை எடுத்தேன். போட்டேன். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. பூஸ்டரின் முள் நூற்று நாற்பதில் கிடந்தது.

நான் என் படிப்பைப் பயன்படுத்தினேன். கரண்ட் குறைவாக வருகிறது, பெட்டியை அதற்குத் தகுந்தாற்போல் மாற்ற வேண்டும். பின்னால் போய், காம்பஸின் முனையால் அந்தச் சிவப்பு சுவிட்சைத் தள்ளினேன். 230 மறைந்து 115 வந்தது. போட்டேன். ஓடியது! ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அத்தைக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இது ஏன் ஓடியது என்று எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. 115 என்பது நம் வோல்டேஜில் பாதி வரும் தேசங்களுக்கு. அதில் வைத்தால் வருகிற கரண்டை அது உள்ளே இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நூற்று நாற்பது வந்தால் தாங்கும். முழுக் கரண்ட் வந்தால் தாங்காது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று காலேஜ் ஹாஸ்டலில் நான் சாப்பிடவில்லை.

நான்கு சாயந்திரம் விளையாடினேன். அம்மா வரும் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே நிறுத்தி, சுவிட்சை மறக்காமல் 230-க்குத் தள்ளிப் போர்வையைப் போட்டுவிடுவேன். பூஸ்டரைப் பார்த்துப் பழகியவள் அல்லவா, மறுபடி மாற்றுவதில் ஒழுங்காக இருந்தேன். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அத்தை ஆறேமுக்காலுக்கே வந்துவிட்டாள். மறுநாள் கொண்டுபோக வேண்டும் என்று லீவு சொல்லிவிட்டு முன்னால் வந்திருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், போர்வையை இழுத்தேன், புத்தகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சுவிட்ச் 115-இல் இருந்தது.

அவள் கைகால் கழுவினாள். நேராக வந்து ஒயர்களைக் கழற்றி, கேபினெட்டைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். நான் இரண்டு முழத் தூரத்தில் இருந்தேன். "அத்தை, ஒரு நிமிஷம்," என்றால் போதும். சீட்டு ஆடியது தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஆடினாலும் சீட்டு சீட்டுதான் என்பார் அப்பா, அவருக்குச் சீட்டு என்ற பேச்சே ஆகாது. பெல்ட் எடுப்பார். அத்தை இனிமேல் எனக்கு எதுவும் காட்டித் தர மாட்டாள். காலையில் எப்படியாவது பின்னால் போய்த் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் நான் எழுந்தபோது அப்பாவும் அத்தையும் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். ஆபீஸ் ஜன்னலில் நாமெல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தோம். உள்ளே ஃபாதர், தலைமைச் சிஸ்டர், கிளார்க் சார். அத்தை தேங்காய்ப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். மானிட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். கேபினெட்டின் பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மந்திரிக்கிற நேரம் முழுக்க, சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஒன்றும் ஆகாது, ஓடாமல் நிற்கும், அவ்வளவுதான், அப்போது அத்தையே பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர். காலை நேரம், ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அத்தை சுவரில் சுவிட்சைப் போட்டாள். டமார் என்றது. பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகையும், பஞ்சு மாதிரி காகிதத் துகள்களும் வந்தன. ஆபீசில் லைட்டெல்லாம் அணைந்தது. தலைமைச் சிஸ்டர் "இயேசுவே!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நான்தான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சிரித்த சத்தத்தில் உள்ளே பேசியது உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் கம்பியில் காதை வைத்திருந்தேன், கேட்டது. கிளார்க் சார் நல்ல மனுஷர், அத்தையைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "தீர்த்தம் உள்ள போயிருக்கும் ஃபாதர். அதான் ஷார்ட் ஆயிருக்கு. பாவம், இந்தப் புள்ள என்ன பண்ணும்?" என்றார். ஃபாதர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியாம்மா? நான்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றோ, தெரியவில்லை என்றோ அவள் சொல்லியிருந்தால் போதும். அவர் மறுநாளே பத்துக் கம்ப்யூட்டருக்கும் எழுதிக் கொடுத்திருப்பார். அத்தை பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள்.

"தண்ணி இல்ல ஃபாதர். உங்க மேல ஒண்ணும் இல்ல. பின்னாடி சுவிட்சு நூத்திப் பதினஞ்சுல இருக்கு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"பாத்துதானேம்மா மாட்டுவே?"

"பாத்துதான் மாட்டுனேன்னு நெனச்சேன் ஃபாதர்."

ஃபாதர் திட்டவில்லை. "ஆபீஸ்ல எங்களோட போச்சு. புள்ளைங்க உக்கார்ற ரூம்ல இப்படி ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது? நீயே சொல்லும்மா," என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அத்தை தலையை ஆட்டினாள். துகள்களைக் கையாலேயே கூட்டி முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்று மதியம் கூடத்தில் அத்தை எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். குரல் உயரவில்லை. "நான் இல்லாதப்ப யாராவது பின்னாடி கை வெச்சீங்களா? திட்ட மாட்டேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். கை வெக்கலேன்னா தப்பு என்னோடது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள். "எம்புள்ளை அதுகிட்டயே போகல. சாயந்திரமெல்லாம் நான் பக்கத்துலயேதான் இருந்தேன். அவ உண்டு, அவ புஸ்தகம் உண்டு."

அம்மா அந்த வாரம் ஒருநாள்கூடச் சாயந்திரம் வீட்டில் இல்லை. ஜெபமாலைக்குப் போயிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாயைத் திறப்பதற்குள் என்று எழுதினேன், அதுவும் பொய்தான். நான் திறப்பதாக இல்லை. அம்மா பேசியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்றைக்கு வரைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அதே ஃபாதரிடம் முழந்தாளிட்டேன். "பெரியவங்க பேச்சைக் கேக்கல," என்றேன். எந்தப் பேச்சு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.

லேப் வேறு கடைக்குப் போனது. தை மாதம் மாப்பிள்ளை பார்த்தார்கள், மயிலாடுதுறைப் பக்கம். மாமா நல்லவர், ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், அத்தையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பா, "ஒருத்தி கெடுத்தா, நீயாவது ஒழுங்காப் படி," என்று என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அந்தப் படிப்பில்தான் இன்று சாப்பிடுகிறேன். அத்தையின் ஸ்க்ரூடிரைவர் செட்டை, நுனியில் காந்தம் வைத்தது, கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குக் கொடுத்தாள். நான் அதைச் சைக்கிள் டைனமோ கழற்றப் போய் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

கெட்டுப்போனது என்ன என்று அவள் வீட்டுக்குப் போய்த் தங்கினால் தெரியும். மிக்ஸியின் பிளக்கைச் சொருகுவதற்கு முன் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பாள். ட்யூப்லைட் மாற்றக்கூட ஆள் கூப்பிடுவாள். பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பிப் போவாள். மாமா இதை எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். எப்போதாவது நான் சிரிக்காமல் இருந்ததை அவர் கவனித்திருக்க மாட்டார்.

போன மாதம் போயிருந்தேன். அத்தையின் மகள் காலேஜில் படிக்கிறாள். கம்ப்யூட்டர் சாமான்களைத் தனித்தனியாக வரவழைத்து, தானே கட்டப்போவதாக நின்றாள். அத்தை விடவில்லை. "என் கையே சரியில்ல. உனக்கும் அதே கைதான். வேணாம். அக்கா வரட்டும், அவ மாட்டட்டும்," என்று என்னை வரவழைத்திருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து பவர் சப்ளையை மாட்டினேன். நாலு திருகையும் பாதி பாதி போட்டு முறுக்கினேன். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள். அத்தை கூடத்துக்கே வரவில்லை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, அதன் பிடியில் கை வைத்தபடி, ஏதாவது ஆனால் அணைக்கத் தயாராக இருந்தாள். ஐம்பது வயது தாண்டியவள்.

கம்ப்யூட்டர் ஓடியது. மகள் கடைக்குப் போனாள். நான் அடுப்படியில் போய் அத்தையின் முன் நின்று சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை, காம்பஸ், சீட்டு, செருப்புச் சத்தம், எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் துடைத்தாள்.

"உனக்கு நல்ல மனசுடி. எம்பொண்ணு கட்டணும்னு ஆசைப்படுறா, அதுக்காகத்தானே இப்படிச் சொல்ற?"

"இல்லத்தே, நெசமா நான்தான்."

"நீ சின்னப் புள்ள. சத்தத்துல பயந்துபோயி, அதையே நெனச்சு நெனச்சு உன் தலைல போட்டுக்கிட்ட. பெட்ஷீட்டைச் சுத்துறப்ப, சுவிட்சைப் பாக்கணும்னு எனக்கு நெனப்பு வந்துச்சு. காலைல பாத்துக்கலாம்னு விட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் தள்ளினதாலதான் அத்தே அது அங்க இருந்துச்சு."

"நீ கிட்டயே போகலேன்னு உங்கம்மாவே சொன்னாங்களே. பக்கத்துலயே இருந்தவங்க. அவங்க பொய்யா சொல்லப்போறாங்க?"

அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. இனிமேல் அவளைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவள் பொய் சொன்னாள் என்று அத்தையிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுந்திருந்தாலும் அத்தை நம்பியிருக்க மாட்டாள். காப்பியைக் குடி, ஆறுது என்றாள். குடித்தேன்.

அத்தையின் மகள் நேற்று போன் செய்தாள். அடுத்து ஏதோ ஒரு கார்டு மாட்ட வேண்டுமாம், மூன்று நிமிஷ வேலை. அம்மா தொட விடமாட்டேன் என்கிறாள், நீங்க எப்பக்கா வருவீங்க என்று கேட்டாள்.

அதனால்தான் இதை எழுதினேன். சிரிப்பாக எழுதச் சொன்ன தோழி மன்னிக்க வேண்டும், ஒரு வரியையும் வெட்டாமல் போட வேண்டும். நீங்கள் அன்றைக்கு அந்த ஜன்னலில் நின்றவர்கள். மயிலாடுதுறைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அத்தை வீட்டுக்குப் போய், அவள் மாட்டியது சரியாகத்தான் இருந்தது என்று சொல்லுங்கள். நான் சொல்லி அவள் நம்பவில்லை. நீங்களாவது என்னை நம்புங்கள், நான்தான் தள்ளினேன்.